முன்காலில் சூடு

– மூணாவது குதிரை. எழுதிக்கோ. வயசு பன்னெண்டு.

– காகிதத்துல ஒம்போதுன்னு இருக்கே, பெரியவரே.

– காகிதத்துக்கு ஒம்போது. குதிரைக்குப் பன்னெண்டு. பல்லைப் பாரு டாக்டரம்மா. கிட்ட வா, கடிக்காது. கடிக்கறதுக்குத் தெம்பு வேணும்.

– எனக்கு மாடும் ஆடும்தான் பழக்கம். ஆனா கழுத்துத் தோலுக்குள்ள அடையாளச் சிப்பு இருக்குது, நம்பரும் சரியா இருக்குது.

– சிப்பை வெச்சவன் யாரு?

– என்னை மாதிரி ஒரு டாக்டர்தான்.

– உன்னையே நான் பாதிதான் நம்பறேன். கண்ணுல பார்க்காதவனை எப்படி நம்பறது?

– இதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். கிண்டியில நாப்பது வருசம் குதிரை பார்த்தவர், இப்ப கலவைலதான் இருக்கார்னு எலியாஸ் சார் சொன்னார். மேல்விஷாரத்துல எங்க பக்கத்து வீடு.

– எலியாஸா? அவன் தோத்த ரேஸுக்கெல்லாம் என்னைத்தான் திட்டிக்கினு திரிஞ்சான். நல்லதா இன்னா சொன்னான் என்னைப் பத்தி?

– தேவசகாயம் வாயைத் தொறந்தா எல்லாரையும் திட்டுவார், குதிரையை மட்டும் திட்ட மாட்டார்னு சொன்னார்.

– அது வரைக்கும் சரி. இதை எடுத்துக்கோ. கிழம்தான், ஆனா கழுத்து நரம்பு கயிறு மாதிரி நிக்குது. உங்க வேலைக்கு அதானே வேணும்?

– ஆமா. இங்க ஓட வேணாம். நல்ல உடம்பு, அடங்கின குணம், நல்ல நரம்பு. அவ்வளவுதான். வந்திருக்கறது அஞ்சு, அஞ்சுக்கும் கொட்டா இருக்குது. ஆகாததை மட்டும் தள்ளுங்க.

– மொதல்ல பாம்பு வெஷத்தை ஏத்துவீங்க. அப்புறம் மாசாமாசம் கழுத்துல ஊசி குத்தி ரத்தத்தை இறக்குவீங்க.

– வெஷம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவோம். அதுங்க தாங்கிக்கும். அந்த ரத்தத்துல இருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்தே. நெமிலிப் பக்கம் நாத்து நடப் போய் கடிபட்டு வர்றவங்களை நீங்க பார்த்ததில்லையா?

– பார்த்திருக்கேன். உங்க மருந்துல பொழைச்சவனையும் பார்த்திருக்கேன். அதுக்காக இதை நல்ல எடம்னு என் வாயால சொல்லச் சொல்லாதே.

– சொல்ல வேணாம். நாலாவதைப் பாருங்க.

– இதை நடத்திக் காட்டு... போதும். திருப்பு. பொறு, காலைப் பார்க்கறேன். அட, உதைக்காதடா! முழங்காலுக்குக் கீழ புறங்கையை வெச்சு இப்படி இறக்கணும். உள்ளங்கை ஆகாது, கயிறு பிடிச்சுக் காய்ச்சுப் போயிருக்கும், சூடு தெரியாது.

– சூடு இருந்தா?

– உள்ள தசைநாரு கிழியுதுன்னு அர்த்தம். பார்வைக்கு ஜம்முனு இருக்கும். ஓட விட்டா அன்னிக்குத்தான் தெரியும், கால் மடங்கி விழும். இது சில்லுனு இருக்குது. எடுத்துக்கோ.

– நாலும் ஆச்சு. ஒரு டீ சாப்பிட்டு அஞ்சாவதைப் பார்க்கலாமா?

– டீ கெடக்கட்டும். அந்த லாரியில இன்னா அப்படி ஒரு நாத்தம்? குதிரை வந்த வண்டி மாதிரியே இல்லையே.

– தோல் லாரி. இதுங்களோட மொதலாளி ஆம்பூர்ல ஷூ கம்பெனி வெச்சிருக்கார். பூந்தமல்லி தாண்டி ஒரு கொட்டாயில இருந்து குதிரையை ஏத்திக்கிட்டு வந்து இங்க இறக்கியாச்சு. இனிமே ராணிப்பேட்டையில தோல் ஏத்திக்கிட்டு ஆம்பூர் போகும்.

– அந்த ஆம்பூர்க்காரரா? கோட்டு போட்டுக்கினு வெல்லக்கட்டியும் கையுமா வருவாரு. நல்லா ஓடுன குதிரைக்கு மட்டும் தருவாரு. அவரும் வுட்டுட்டாரா?

– வெளிநாட்டு ஆர்டர் கம்மியாயிடுச்சாம். ரேஸும் இல்ல. வெச்சுத் தீனி போட முடியலைன்றார்.

– எப்படி இருக்கும் ரேஸு? ஊட்டியும் போச்சு, கிண்டியும் போச்சு. மிச்சம் இருக்கற ஊர்ல வரியைப் போட்டு நசுக்கிட்டான். குட்டி வளக்கறவன் பண்ணையை வித்து மனை போடறான். குதிரைன்னா இன்னான்னு தெரிஞ்சவன் ஒருத்தனும் இனிமே உண்டாவ மாட்டான்.

– சூதாட்டம்தானே பெரியவரே. போனா நல்லதுன்னுதான் எங்க அத்தா சொல்வார்.

– போவட்டும்! நான் அழுதேனா? அங்க நடந்த திருட்டுத்தனம் எனக்குத் தெரியாததா? ஆனா மைதானத்துக்குப் பூட்டு போட்டவன், உள்ள நின்ன குதிரை எங்க போவும்னு ஒரு நிமிசம் யோசிச்சானா? பூட்டுனானுங்க, போயிட்டானுங்க.

– முன்னாடி மட்டும், ஓடாத குதிரை எங்க போச்சு?

– எடம் இருந்துதும்மா. மைசூருக்குப் போவும். போலீஸ்காரன் எடுத்துப்பான். சவாரி பழக்கறவன் எடுத்துப்பான். ஒண்ணும் இல்லைன்னா மாப்பிள்ளையை முதுகுல ஏத்திக்கினு பேண்டு வாத்தியத்துக்கு முன்னால நடக்கும். கெட்ட பொழப்புதான். ஆனா பொழப்பு.

– சரி, கடைசி. பேரு ஆற்காடு குயின். பொட்டை. வயசு ஏழு. செந்நிறம், நெத்தியில வெள்ளை.

– வேணாம்.

– இன்னும் கிட்டயே போகலையே!

– இங்கருந்தே தெரியுது. வேணாம். தள்ளிடு. எழுதிக்கோ.

– என்னன்னு எழுதறது? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அஞ்சுல இதுதான் நல்லா இருக்குது. உடம்பு பளபளன்னு இருக்குது. கழுத்தைப் பாருங்க.

– கழுத்தைப் பார்த்து ஏமாறாதே. குணம் ஆகாது. ஆளைக் கொன்ன குதிரை.

– கொன்னதா?

– மூணு வருசம் ஆவுது. கிண்டியில, காலைப் பயிற்சி ஓட்டத்துல. பிரேம்நாத்னு ஒரு ரைடர். வேணும்னே கீழ தள்ளி மேல ஏறி மிதிச்சுது. இருவத்தாறு வயசு. சைதாப்பேட்டைல பொதைச்சாங்க, கல்லு கூட நட்டிருக்கு. போதுமா? இல்ல, அவன் ரேஷன் கார்டு வேணுமா?

– யா அல்லா. இது காகிதத்துல இல்லையே.

– இதையெல்லாம் எவன் எழுதுவான்? எழுதினா எவன் வாங்குவான்? நீ எழுது. ஆளைக் கொன்னது, பக்கத்துல போக லாயக்கில்லாததுன்னு பெருசா எழுது. திருப்பி அனுப்பிடு. எவனாவது சவாரிக்காரன் கையில சேரட்டும்.

– சவாரிக்கா? ஆளை மிதிக்கற குதிரையையா?

– ... அது அவன் பாடு. உனக்கு இன்னா?

– சரி. எழுதிட்டேன். இப்பவே படம் எடுத்து மொதலாளியோட ஏஜென்ட்டுக்கு அனுப்பிடறேன். போயிடுச்சு. லாரி கிளம்பறதுக்கு முன்னாடி திருப்பி ஏத்திட்டா நமக்குப் பேஜார் இல்ல.

– அப்பாடா. இப்பக் குடு அந்த டீயை.

– இருங்க, அவரே கூப்பிடறார். ஹலோ, புகழேந்தி சாரா? ஆமா, நாலு எடுத்துக்கிட்டோம். அஞ்சாவது ஆகாது... ஆமா சார், ஆளைக் கொன்னிருக்குதாம். நீங்க லாரியிலயே... என்னது? இல்ல சார், அந்த லெட்டரை டிரைவர் என்கிட்ட தரவே இல்ல. ஒரு நிமிசம். சார், அது ஏழு வயசுக் குதிரை! நான் எப்படி... நான் செய்ய மாட்டேன், சொல்லிட்டேன். ஹலோ? ஹலோ?

– இன்னாவாம்?

– லாரியில இடம் இல்லையாம். தோல் ஏத்தணுமாம்.

– நாளைக்கு வேற வண்டி அனுப்பட்டும்.

– அனுப்ப மாட்டாங்க, பெரியவரே. அந்தப் பூந்தமல்லிக் கொட்டாயை நேத்தோட காலி பண்ணிட்டாங்க. திரும்பிப் போக அதுக்கு ஒரு இடமே இல்ல. ஆகாததை இங்கயே ஊசி போட்டு முடிச்சுடணும்னு மொதலாளி கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பியிருக்கார்.

– சவாரி பழக்கறவன்...?

– எத்தனையோ பேருக்குப் போன் போட்டுப் பார்த்துட்டாங்களாம். யாருக்கும் வேணாம். மைசூர்ல இருக்கறதுக்கே தீனி இல்லையாம். நீங்க சொல்ற இடமெல்லாம் இப்ப கிடையாது.

– நீதான் டாக்டரு. நீ போட மாட்டேன்னு சொல்லிட்டே இல்ல?

– நான் போட மாட்டேன். சாயங்காலம் வேற ஆளைக் கூட்டிட்டு வர்றாங்களாம். நல்ல குதிரையா இருந்தா அந்த ஆளு கூட யோசிப்பான். ஆளைக் கொன்னதுன்னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன். அந்தக் காகிதமே போதும்ன்றார்.

– கிழிச்சுப் போடு அதை.

– படம் போயிடுச்சுன்னு சொன்னேனே.

– அப்ப வேற எழுது. நல்ல குதிரை. குழந்தை மாதிரி. கழுத்தைப் பாரு, என்னா மாதிரி நரம்பு! இதுக்கு ஈடு இங்க ஒண்ணும் இல்ல. இதையும் எடுத்துக்கினேன்னு எழுது.

– பத்து நிமிசத்துக்கு முன்னாடி லாயக்கில்லைன்னீங்க.

– பொய்யி. எல்லாம் பொய்யி. வெஷம் ஏத்தி ரத்தம் எடுக்கற எடத்துல இது நிக்க வேணாம்னு சொன்னேன். உங்களையெல்லாம் எவன் நம்புவான்? எங்கியாவது போய்ப் பொழைக்கட்டும்னு பார்த்தேன்.

– அப்ப இந்தக் குதிரையை உங்களுக்கு முன்னமே தெரியும்.

– தெரியாது.

– கிட்டப் போங்க.

– எதுக்கு?

– மத்த நாலுக்கும் கால் பார்த்தீங்க. இதைத் தொடவே இல்ல. போங்க, பார்க்கலாம்.

– ... போறேன். போதுமா? ஏய், சும்மா நில்லு. மூஞ்சியை எடு, சட்டையெல்லாம் எச்சி.

– பெரியவரே, நீங்க இன்னும் குனியவே இல்ல. அதுக்குள்ள வலது முன்காலைத் தூக்கி உங்க கையில கொடுக்குது. மத்ததெல்லாம் உதைக்கப் பார்த்துச்சு. எத்தனை நாள் பார்த்துக்கிட்டீங்க?

– ரெண்டு வயசுல வந்துது. நாலு வயசு வரைக்கும் என் கையிலதான். செவலைன்னுதான் கூப்பிடுவேன். குயினாம், குயினு.

– சரி. இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் நெஜம் சொல்லுங்க. அதோ புல்லுக்கட்டு தூக்கறாங்களே, ஜெயபுஷ்பம் அக்கா. ரத்தம் எடுக்கும்போது குதிரை கழுத்தைக் கட்டிப் பிடிச்சு நிக்கறது அவங்கதான். வீட்டுல ரெண்டு பொண்ணு. அவங்களை இது பக்கத்துல நான் நிக்க வெக்கலாமா?

– வெக்கலாம். தாராளமா வெக்கலாம்.

– யார் வார்த்தையை நம்பி? குதிரையைக் காப்பாத்தத் தள்ளச் சொன்னீங்க. அதே குதிரையைக் காப்பாத்த இப்ப எடுக்கச் சொல்றீங்க. நடுவுல எது நெஜம்?

– ஆளைக் கொன்னது மட்டும் கட்டுக்கதைம்மா. நானா சேர்த்துச் சொன்னேன்.

– கட்டுக்கதைக்கு யாராவது சைதாப்பேட்டைல கல்லு நடுவாங்களா? பிரேம்நாத்னு ஒருத்தர் இருந்தாரா, இல்லையா?

– இருந்தான்.

– இது மேல இருந்து விழுந்துதான் செத்தாரா?

– ஆமா.

– அப்ப என்னால முடியாது, பெரியவரே. எனக்கும் மனசு கேக்கல. ஆனா நாளைக்கு ஜெயபுஷ்பம் அக்காவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பொண்ணுங்க மூஞ்சியில நான் முழிக்க முடியாது. செத்தது யாரோ ஒரு ரைடர்னு உங்களால மறக்க முடியும். என்னால முடியாது.

– என் மவன்.

– யாரு?

– பிரேம்நாத். எனக்கு ஒரே மவன்.

– யா அல்லா. மவனைக் கொன்ன குதிரையையா காப்பாத்தச் சொல்றீங்க?

– காலை விட்டுட்டாதான் கையெழுத்துப் போட முடியும். இரு, இறக்கி வெக்கறேன். புறங்கையை வெச்சுப் பார்த்துட்டேன், சில்லுனு இருக்குது. புதுக் காகிதம் எடு.

– எடுத்துட்டேன். என்னன்னு எழுதறது?

– அன்னிக்கு இந்தக் கால் சூடா இருந்துது, என் புறங்கைக்குத் தெரிஞ்சுது. மொதலாளி வெல்லக்கட்டியோட வேலி ஓரமா வந்து நின்னுட்டாருன்னு, சூடு இல்ல, ஓடும், ஏறுடான்னு என் மவனை ஏத்திவுட்டவன் நான். எழுதிக்கோ.