முப்பிடாதி சுவரு

கமலை கட்டித் தண்ணி எறைச்ச காலத்துல மஞ்சணத்திக்குறிச்சின்னு ஒரு ஊரு இருந்துதாம். அந்த ஊரு கீழத்தெருவுல ஒரே வளவுக்குள்ள ரெண்டு வீடு. அண்ணன் வீடு ஒண்ணு, தம்பி வீடு ஒண்ணு. அண்ணன் பெண்டாட்டி பேரு முப்பிடாதி. இது அவ கதை.

முப்பிடாதிக்குக் கைராசிக்காரின்னு பேரு. அவ புறவாசல்ல தக்காளி காய்ச்சா கொப்பு முறியுமாம். மடிப்பு மடிப்பா, உள்ளங்கை நெறையப் பழம். தெருவுல யாருக்கு விதை வேணும்னாலும் அவ வாசல்லதான் வந்து நிக்கணும். சும்மா நின்னாக் கெடைக்காது. "மதினி, ஒங்க கையால ஒரு நுள்ளு விதை தாங்க"ன்னு வாய்விட்டுக் கேக்கணும். கேட்டாலும் உடனே தரமாட்டா. நெல்லைப் பொடைப்பா, கோழிய வெரட்டுவா, பெறவு போனாப் போகுதுன்னு ஒரு நுள்ளு தருவா. அந்த நிக்கவைக்கதுல அவளுக்கு அம்புட்டு சொகம்.

இப்படி இருக்கையில தம்பிக்குக் கல்யாணம் ஆச்சு. வந்தவ பேரு பூரணம். அவ பெறந்த ஊருல இருந்து மஞ்சத் தக்காளி விதை கொஞ்சம் முந்தியில முடிஞ்சு கொண்டாந்தா. பழம் கோலிக்குண்டு பெருசுதான், ஆனா புளிப்பு பல்லைக் கூசவைக்கும். முப்பிடாதி பாத்துட்டுச் சிரிச்சா. "இதை ரசத்துல போட்டா வெளக்கு வச்சுத்தான்ட்டி தேடணும்"னா. பூரணமும் கூடச் சிரிச்சுக்கிட்டு, அக்கா செடிக்குப் பக்கத்துலயே அதை நட்டா. ரெண்டு செடியும் ஒரசிக்கிட்டு நின்னுது. எந்த வண்டு என்ன வேலை பாத்துதோ, மறுவருசம் பூரணம் சட்டி கழுவுத தண்ணி ஓடுத எடத்துல தானா ஒரு செடி மொளைச்சுது. ஒத்தைச் செடி.

அதுல காய்ச்ச பழத்தை அதுக்கு முந்தி ஒருத்தரும் கண்டதில்லையாம். முப்பிடாதி பழத்தோட மடிப்பு இருக்கு, பூரணம் பழத்தோட புளிப்பு இருக்கு, செவப்புக்குள்ள மஞ்சக் கீத்து ஓடுது. கொழம்பு வச்சா புளியே கரைக்க வேண்டாமாம். பூரணம் தெருவுக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாக் கொழம்பு குடுத்துவிட்டா. "கடைசிக் கொத்தை விதைக்கு விட்டிருக்கேன். பழுத்ததும் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு நுள்ளு"ன்னா. செவப்புச் சேலைக் கிழிசல்ல அந்தக் கொத்துக்கு ஒரு முடிச்சும் போட்டு வச்சா. முடிச்சு போட்ட பழம் விதைப்பழம். அதை அந்த ஊருல யாரும் தொடமாட்டாவ.

முப்பிடாதி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்துது. யாரும் இல்லாத நேரம் பாத்து வெரலால தொட்டு நாக்குல வச்சாளாம். வச்சதுதான், அடிவயிறு வேக ஆரம்பிச்சுட்டு. நல்லா இருக்கே, இது நல்லா இல்லாமப் போயிருக்கக் கூடாதான்னு நெனைச்சா. கிண்ணத்தை வழிச்சுத் தின்னுட்டு, கழுவிக் குடுக்கையில சொன்னா, "உப்பு கூடிப்போச்சுட்டி."

அதுல இருந்து தெருவுல ஒரே பூரணம் பேச்சுதான். வளவுக்குள்ள ஆள் வார சத்தம் கேக்கும். நம்ம வாசலுக்குத்தான்னு முப்பிடாதி சேலையைச் சரிபண்ணிக்கிட்டு நெல்லும் சொளகுமா உக்காருவா. சத்தம் அவ வாசலைத் தாண்டிப் போயிரும். அந்தப் பக்கம் சிரிப்பு கேக்கும். இவ பொடைச்ச நெல்லையே திரும்பத் திரும்பப் பொடைப்பா.

புருசன்காரன் சொன்னானாம், "ஒனக்கும் வேணும்னா ஒரு நுள்ளு கேளேன். தம்பி பெண்டாட்டிதான?"

"நானா? அவகிட்டயா? ஊரே எம் வாசல்ல நின்னு வாங்கியிருக்கு. நான் போயி அவ வாசல்ல நிக்கவா?"

கேக்க வாய் வரல. வேண்டாம்னு விடவும் மனசு வரல. பொறாமைங்கது அதுதான், கேட்டியளா. வேணாங்கத சாமானுக்கு யாரு பொறாமைப்படுவா?

அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துது. மதியக் கொடைக்குத் தெருவே காலியாப் போச்சு. முப்பிடாதி மட்டும் தலைவலின்னு படுத்துக்கிட்டா. மேளச்சத்தம் தூரமாப் போனதும் எந்திச்சா. பூரணம் புறவாசலுக்குப் போனா. முடிச்சோட அந்தக் கொத்தை ஒடிச்சு மடியில கட்டிக்கிட்டா. ஆடு மேஞ்சிட்டுன்னு நெனைக்கட்டும்னு செடியையும் பிச்சுப் போட்டா.

வீட்டுக்கு வந்து, மிதிச்சுக் கூழாக்கத்தான் தரையில வச்சா. காலைத் தூக்குதா. கால் எறங்கமாட்டேங்கு. ஆயிரம் பொறாமை இருந்தாலும் அவ விதைக்காரிலா? நல்ல பழத்து மேல அவளுக்குக் கால் எறங்குமா? கடைசியில சாணமும் சாம்பலும் கூட்டிப் பழத்தை அதுல பெசைஞ்சு, மாட்டுத்தொழு உள்சுவத்துல வட்டமா ஒட்டிட்டா. அந்த ஊருல விதை காக்குதது அப்படித்தான்.

கொடை முடிஞ்சு வந்த பூரணம் செடி கெடந்த கெடையைப் பாத்துட்டுத் தரையில உக்காந்து அழுதாளாம். பொம்பளையள்லாம் ஆட்டை வஞ்சாவ. முப்பிடாதியும் கூட நின்னு நாலு வார்த்தை கூடுதலாவே வஞ்சா.

நாத்து பாவுத காலம் வந்துது. அப்பதான் முப்பிடாதிக்கு வெளங்குது, தான் மாட்டிக்கிட்டது. நட்டா, மொதப் பழத்து மஞ்சக் கீத்தே அவளைக் காட்டிக் குடுத்துரும். நடாட்டா, விதை செத்துரும். ஊருல அவகிட்ட மட்டுந்தான் அந்த விதை இருக்கு, அவ வாசல்ல நின்னு கேக்கத்தான் ஆள் இல்ல. அந்த வருசம் நடல. அடுத்த வருசம் சுவத்துல கொஞ்சம் சொரண்டி ஈரத்துணியில கட்டிப் பாத்தா. பாதி கூட மொளை விடல. பூரணம் பழம் அழியட்டும்னு எடுத்தவ, அய்யோ அழியுதேன்னு அன்னைக்குத் தொழுவுல மாட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதாளாம்.

போயிக் குடுத்துறலாம்லா? கேக்க வராத வாய், நாந்தான் எடுத்தேன்னு சொல்லவும் வரல. பொம்பளையள் தண்ணிக்குப் போன நேரம், சாண வட்டத்தை அப்படியே பேத்தெடுத்து, வளவோட வெளிச்சுவத்துல, தெருவைப் பாக்க ஒட்டிட்டு வந்து கதவுக்குப் பெறத்தால நின்னுக்கிட்டா.

கொடத்தோட வந்தவள்லாம் கூடிட்டாளுவ. "யாருட்டி ஒட்டுனா? என்ன விதைட்டி இது?" பூரணமும் வந்தா. குனிஞ்சு பாத்தா. சாணத்துக்குள்ள ஒரு செவப்பு நூல் துருத்திக்கிட்டு நிக்கி. அவ சேலை நூல் அவளுக்குத் தெரியாதா? நூலைப் பாத்தா. முப்பிடாதி கதவைப் பாத்தா. கதவுக்கு அந்தப் பக்கம் முப்பிடாதி தாப்பாளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. பூரணம் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கைராசிக்காரிங்கத பேரு போயி கள்ளிங்கத பேருதான் நிக்கும்.

பூரணம் அந்த நூலை உருவி இடுப்புல சொருகிக்கிட்டா. பெறவு கதவுக்குக் கேக்குத மாதிரி சத்தமாச் சொன்னாளாம்:

"ஒட்டுனது யாரோ, நல்லா இருக்கட்டும். எல்லாரும் எடுத்துக்கிடுங்க. யாரையும் கேக்க வேண்டாம். கடைசி நுள்ளை மட்டும் விட்டுருங்க. அது ஒட்டுனவுகளுக்கு. அவுகளுக்குக் கேக்க வாய் வராது."

முப்பிடாதி திருந்திட்டாளான்னு கேக்காதிய. முன்னைய விடக் கூட வெந்தாளாம். "பழத்துலயும் ஜெயிச்சா, கொணத்துலயும் ஜெயிச்சுட்டாளே பாவி"ன்னு புருசன்கிட்டச் சொல்லி மாஞ்சு போனா. ஆனா மத்தியானம் தெரு அடங்கினதும் வந்து, கடைசி நுள்ளை எடுத்துக்கிட்டா.

அந்த வருசம் வீட்டுக்கு ஒரு தினுசாக் காய்ச்சுது. ஒரு வீட்டுல உருண்டை, ஒரு வீட்டுல மடிப்பு, ஒரு வீட்டுல முழுமஞ்ச. முப்பிடாதி செடியில காய்ச்சதுக்குத் தலையில இருந்து அடி வரைக்கும் கீத்து ஓடுதாம். அவ என்ன செஞ்சா தெரியுமா? பூட்டி வைக்கல. மொத விதையை எடுத்துப் பூரணம் கண்ணுல படுத மாதிரி வெளிச்சுவத்துல ஒட்டினா. "இப்ப அவ வேகட்டும்"னாளாம். பூரணம் வெந்தாளோ என்னமோ, அடுத்த வருசம் அதை விட நல்லதா ஒண்ணைக் கொண்டாந்து பக்கத்துல ஒட்டினா. சாகுத வரைக்கும் ரெண்டு பேருக்கும் அதுதான் சோலி.

மஞ்சணத்திக்குறிச்சியில அந்தச் சுவத்துக்கு இன்னைக்கும் முப்பிடாதி சுவருன்னுதான் பேரு. பூரணம் சுவருன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாவ. புதுசா ஒரு தக்காளி காய்ச்சா, விதையைச் சாணத்துல பெசைஞ்சு அங்கன ஒட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். வேணுங்கவுக கேக்காம எடுத்துக்கிடலாம். ஆனா கடைசி நுள்ளை யாரும் தொடமாட்டாவ. எந்தத் தெருவா இருந்தாலும், கதவுக்குப் பெறத்தால ஒருத்தி நின்னுக்கிட்டுத்தான இருப்பா.