வெறும் தராசின் முள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நான் கடைசியாக நிறுத்துக் கொடுத்தது ஒரு கிலோ சாளை மீன். வாங்கியவர் முத்துவடிவு. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் பங்களா ஒன்றில் சமையல் செய்தவர். சாரலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் சைக்கிளின் அருகே நின்றார்.

"ஏன் பாய், கொல்லத்துல ரயில் ஏறும்போது கொழுத்திருக்க மீனு, செங்கோட்டை மலை இறங்குததுக்குள்ள மெலிஞ்சு போவுதோ? போன வாரம் வாங்குன ஒரு கிலோ, ஆளுக்கு ஒரு முள்ளு கூட வரல."

"மீனை எடுத்துட்டுக் காட்டுதேன் ஆச்சி. வெறும் தராசுல முள்ளு எங்கன நிக்கின்னு நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது.

"உம்ம தராசுல குத்தமில்ல பாய். எங்க பங்களாக்காரன் வயித்துலதான் குத்தம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். நான் சைக்கிளைத் தென்காசிக்குத் திருப்பினேன்.

அது 1962. இப்போது ஏழு வருடம் ஆகிறது. என் பெயர் முகம்மது மீரான். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுத அது போதும்.

தராசிலிருந்து தொடங்குகிறேன். முன்பெல்லாம் மீனைக் கூறு வைத்து விற்போம். ஒரு கூறில் பத்து மீனா, பன்னிரண்டா என்று கண்ணால் பார்த்து வாங்கிப் போவார்கள். கிலோ வந்த பிறகு பங்களாக்காரர்கள் நிறுத்துக் கேட்டார்கள். சைக்கிளில் போகிறவன் தட்டுத் தராசையும் படிக்கற்களையும் சுமக்க முடியாது. கையில் பிடித்து, கொக்கியில் மாட்டி நிறுக்கும் சுருள் தராசுதான் சரி.

அதை வாங்கப் போகிறவர், அளவு தெரிந்த படிக்கல் ஒன்றைக் கூடவே கொண்டுபோக வேண்டும். படிக்கல்லை மாட்டி, முள்ளைப் பார்த்து, எடுத்து, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். மூன்று தடவையும் ஒரே கோட்டில் நின்றால் நல்ல தராசு. வெறுமையாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. மேலே ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் எந்தத் தராசின் முள்ளும் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

இரும்புக்கடை குத்தாலிங்கம் அண்ணாச்சி என் முன்னால் இரண்டு தராசுகளை வைத்தார். ஒன்று பித்தளை முகப்பு, கெட்டியான சுருள். மற்றது தகரம். விலை பாதிக்கும் கீழே. நான் தகரத்தை எடுத்தேன். கையில் இருந்த காசுக்கு அதுதான் தோதுப்பட்டது என்று வீட்டில் சொன்னேன். தகரத் தராசின் சுருள் நாளாக நாளாகத் தளரும். தளர்ந்த சுருள் அதே எடைக்கு அதிகமாக இறங்கும். ஒரு கிலோ காட்டும் இடத்தில் கொக்கியில் ஒரு கிலோ மீன் இருக்காது. நான் விரல் வைக்கவில்லை, ஈரச் சாக்கை அடியில் ஒட்டவில்லை. தராசு தானாகவே அப்படி ஆனது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி ஜாஹிரா பீவிக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "எங்க வீட்டு ஆளு கையில கள்ளம் கிடையாது, வேணும்னா தராசைக் கேளுங்க" என்று சொல்லுவாள். சந்தையில் வாங்கிய கறியைக்கூடச் சிலர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவள் அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்து தராசைப் பிடித்துக் கொடுப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்துக்குப் பிறகு ஜன்னத் பிறந்தாள். மாதம் நிறையாமல் பிறந்த பெண்பிள்ளை. பத்தாம் நாள் பிரசவ நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸ் ரெபேக்காள் அங்கே நிறுத்துப் பார்த்தார். சரியாக இரண்டு கிலோ.

"வாராவாரம் நூறு கிராமாவது ஏறணும்" என்றார். "ஏறலேன்னா ஒரு நாள் கூட நிக்காதீங்க. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரணும். இந்த மழையில வாரா வாரம் இங்கன கொண்டு வர வேண்டாம். பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும். வீட்ல நிறுக்க வழி இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜாஹிரா சொன்னாள். "இருக்கே நர்சம்மா. எங்க வீட்டுத் தராசு ஊருக்கே தெரியும்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

வெள்ளிக்கிழமை மீனுக்குப் போகமாட்டேன். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் நிறுப்பது என்று வைத்துக்கொண்டோம். ஜாஹிரா கொக்கியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தன் கல்யாணத் துப்பட்டாவில் பிள்ளையைத் தொட்டிலாகக் கட்டி மாட்டுவாள். நான் தராசைத் தூக்கிப் பிடிப்பேன். முதல் வெள்ளி இரண்டு கிலோ நூறு. இரண்டாவது வெள்ளி இரண்டே கால். அவள் அதைச் சமையற்கட்டுச் சுவரில் கரியால் எழுதினாள்.

மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாள் குத்தாலிங்கம் அண்ணாச்சி கடையில் நின்றபோது, அவருடைய முத்திரை போட்ட ஒரு கிலோ படிக்கல்லை எடுத்து என் தராசில் மாட்டிப் பார்த்தேன். ஒரு கிலோ இருநூறைத் தாண்டியது. வீட்டுச் சுவரில் எழுதியிருந்த கணக்கை அங்கேயே நின்று மனதுக்குள் திருத்திப் பார்த்தேன். பிள்ளை ஏறவில்லை. இறங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜாஹிரா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இங்கேருங்க, கையில தூக்குனா லேசா இருக்க மாதிரி இருக்கு. பலசரக்குக் கடைத் தட்டுத் தராசுல ஒரு தடவ வச்சுப் பாப்பமா?"

"மொளகா வத்தல் நிறுக்குத தட்டுலயா பிள்ளைய வைப்ப?"

"துணி விரிச்சு வைக்கலாம்லா."

"ஏளா, முள்ளு காட்டுதது பொய்யா, உன் கை சொல்லுதது பொய்யா?"

அவள் தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "உங்க தராசு பொய் சொல்லுமா? எனக்குத்தான் கிறுக்கு" என்றாள்.

தராசு தானாகத் தளர்ந்தது என்று மேலே எழுதினேன். அது முழுவதும் உண்மையில்லை. தானாகத் தளர வருடக்கணக்கில் ஆகும். நான் வெள்ளிக்கிழமை தோறும், ஜாஹிரா ஆற்றுக்குத் துவைக்கப் போன பிறகு, பிள்ளை பிறந்த பின்பு அவள் பிள்ளையோடு உள்ளே படுத்திருக்கும் நேரத்தில், பின்கட்டு உத்திரத்தில் தராசை மாட்டி அதில் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிடுவேன். தொழுகைக்குப் புறப்படும் வரை தொங்கும். பிறகு அவிழ்த்து, திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். சீசன் சமயத்தில் அது வழக்கமான வேலை. முதல் இரண்டு வெள்ளியும் வழக்கமாகத்தான் செய்தேன். பிள்ளையைப் பற்றி நினைக்கவில்லை.

மூன்றாவது வெள்ளி நினைத்தேன். இன்று முள் இரண்டே காலைத் தாண்டாவிட்டால் ஜாஹிரா பதறிப்போவாள், பதறினால் பால் வற்றிவிடும் என்று நினைத்தேன். பாளையங்கோட்டைக்குப் போனால் முதலில் அங்கே நிறுப்பார்கள். சுவரில் இருக்கும் எடையும் அங்கே வரும் எடையும் ஒத்துப்போகாது. ஏன் என்று ஜாஹிரா கேட்பாள். ஒரு வாரம் போகட்டும், பிள்ளை தானாக ஏறிவிடுவாள், அதற்குள் பித்தளைத் தராசை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்று குழவியோடு அரிவாள்மணையையும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டேன்.

தொழுதுவிட்டு வந்து நிறுத்தோம். இரண்டு கிலோ நானூறு. ஜாஹிரா அழுதுவிட்டாள். சந்தோஷத்தில். தெருவுக்குச் சீனி கொடுத்தாள். நானும் ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, முத்துவடிவுக்கு மீன் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பெண்கள் நின்றார்கள். உள்ளே ஜாஹிரா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். அழவில்லை. "தூங்குதான்னு நெனச்சேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடக்கிவிட்டு வந்த பிறகு நர்ஸ் ரெபேக்காள் வந்தார். சுவரில் இருந்ததைப் படித்தார். "இவ்வளவு ஏறின பிள்ளையா?" என்று என்னிடம் கேட்டார். "தராசைக் கொஞ்சம் காட்டுங்க பாய்."

கொடுத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கொக்கியில் எதையும் மாட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"முள்ளு சரியாத்தான் நிக்கி" என்றார். பிறகு ஜாஹிராவின் பக்கத்தில் உட்கார்ந்து, பால் எப்படி இருந்தது, பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்தாளா என்றெல்லாம் மெதுவாகக் கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஆனாலும் ஜாஹிரா ஒவ்வொரு கேள்விக்கும் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் எந்தப் பிள்ளையையும் தூக்கவில்லை. யாராவது கொடுத்தால், "எங் கைக்கு ராசி கிடையாது" என்பாள். ஏழு வருடம் அப்படிச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். போன ரஜப் மாதம் மௌத்தானாள். கடைசி நாளில், "பிள்ளைய நான்தான் சரியாப் பாக்கல, மன்னிச்சிருங்க" என்றாள். மன்னித்தேன் என்று சொன்னேன். அவள் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

காசுக்கு அதுதான் தோதுப்பட்டது என்று வீட்டில் சொன்னதும் பொய். அன்று என் மடியில் பித்தளைத் தராசுக்கான காசு இருந்தது. குத்தாலிங்கம் அண்ணாச்சி தகரத் தராசைக் காட்டி எச்சரித்தார். "இது வேண்டாம் பாய். பாரம் தொங்கத் தொங்க சுருள் சோந்துரும். சோந்தா எடை கூடக் காட்டும்." அவர் அதைச் சொல்லும் வரை நான் பித்தளையைத்தான் கையில் வைத்திருந்தேன்.

தகரத் தராசு இப்போதும் சமையற்கட்டு ஆணியில் தொங்குகிறது. எதுவும் மாட்டாதபோது முள் பூஜ்யத்தில்தான் நிற்கிறது.