முத்திரை விழுந்த சீட்டு

எவாசியோ: …தொடலை சவீனா, பார்க்கத்தான் பார்க்கறேன்.

சவீனா: பார்க்கறதுக்குக் கண்ணு போதும். விரல் எதுக்கு நீளுது? பூண்டு உரிச்ச கை.

எவாசியோ: கழுவிட்டேன்.

சவீனா: நீ கழுவினா தண்ணிதான் நாறும். அடுப்பைப் பாரு, நெத்திலி எண்ணெயில கரைஞ்சுதான்னு.

எவாசியோ: கரைஞ்சாச்சு. நின்னு நின்னு நானும் பாதி கரைஞ்சாச்சு. சொல்லேன், எந்தக் காலத்துச் சீட்டு?

சவீனா: பூதக்கண்ணாடியைக் கொடு.

எவாசியோ: உன் கையில இருக்கு.

சவீனா: …ஆமா. கையில என்ன இருக்குன்னே தெரியலை, நான் போய்ப் பழசுக்கு வயசு சொல்றேனாம்.

எவாசியோ: தூரின் ஊர்ல டாரட் சீட்டுக்கட்டுன்னாலே சவீனாகிட்ட கேளுங்கறாங்க.

சவீனா: மத்தவங்க எல்லாம் செத்துட்டாங்க, அதனால. பிஸ்கட் டப்பாவுக்குள்ள இலவசமா வந்த கட்டை மேடையில தூக்கிக் காட்டி, நூறு வருஷப் பழசுன்னு ஒரு மணி நேரம் பேசினவ நான்.

எவாசியோ: கைதட்டினாங்களே!

சவீனா: பிஸ்கட் கம்பெனிக்காரன் தட்டினான்.

எவாசியோ: சரி, இது?

சவீனா: புதுசு.

எவாசியோ: ஐயோ.

சவீனா: நேத்து அடிச்சதுன்னு சொல்லலை. ரெண்டு உலக யுத்தத்துக்கும் நடுவுல அடிச்சது.

எவாசியோ: சவீனா, இது செகோந்தோ கொடுத்த கட்டு. மாப்பிள்ளையோட அப்பா! நம்ம பொண்ணு நோயெமிக்குக் கல்யாணப் பரிசு. இத்தாலி ஒரே நாடா ஆகறதுக்கு முன்னால அடிச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலையறார். இன்னிக்குச் சாப்பிட வர்றதே அதை உன் வாயால கேட்கத்தான்.

சவீனா: கேட்கட்டும். இங்க பாரு, ராணிக்கு ரெண்டு தலை. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.

எவாசியோ: நாம ஆடற எல்லாக் கட்டுலயும் அப்படித்தானே?

சவீனா: இப்ப. அந்தக் காலத்துல ஒரே தலை, கால் வரைக்கும் முழு உடம்பு. சீட்டு தலைகீழா வந்தா ஆட்டக்காரன் நிமிர்த்துவான். நிமிர்த்தினதுமே எதிராளிக்குத் தெரிஞ்சு போகும், இவன்கிட்ட பெரிய சீட்டு இருக்குன்னு. அந்தத் தொல்லைக்காகத்தான் பின்னால ரெண்டு தலை வச்சாங்க.

எவாசியோ: செகோந்தோவுக்கு ஒரே தலைதான். அது சூடாச்சுன்னா…

சவீனா: ஓரத்தைப் பாரு. பழைய கட்டுல பின்பக்கத் தாளை முன்னால மடிச்சு ஒட்டியிருப்பாங்க, துணிக்கு ஓரம் அடிச்ச மாதிரி. இதுல மடிப்பே இல்லை. நிறத்தைப் பாரு, ஒரு இடத்துலகூடக் கோட்டைத் தாண்டலை. கையால பூசினா தாண்டும். மெஷினுக்குத்தான் இவ்வளவு ஒழுக்கம்.

எவாசியோ: சாத்தான் சீட்டுல தாண்டியிருக்கே, சிவப்பு!

சவீனா: அது எவனோ சிந்தின ஒயின்.

எவாசியோ: கொஞ்சம் கருணை காட்டக் கூடாதா?

சவீனா: சாத்தானுக்கா?

எவாசியோ: எனக்கு! செகோந்தோ கூடப் பிறந்த தம்பியோட ஏன் பேசறதில்லைன்னு தெரியுமா?

சவீனா: சொத்துத் தகராறுன்னு நோயெமி சொன்னா.

எவாசியோ: சொத்தாவது! இந்தக் கட்டுதான். "அண்ணா, இது பழசு இல்லை"ன்னானாம் தம்பி. அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. எதிரெதிர் வீடு. தம்பி ஜன்னலைத் திறந்தா இவர் சாத்திடுவார். கல்யாணத்துக்குத் தம்பிக்கு அழைப்பே கிடையாது.

சவீனா: அடப் பாவமே.

எவாசியோ: தம்பிக்கே அந்தக் கதின்னா நாம எந்த மூலைக்கு? புதுசுன்னு நீ சொல்ற, அவர் எழுந்து கோட்டை மாட்டறார், நம்ம பொண்ணு அழறா.

சவீனா: பொய் சொல்லச் சொல்றியா?

எவாசியோ: பொய் இல்லை. மரியாதை.

சவீனா: நான் தப்பாச் சொல்லியிருக்கேன், எவாசியோ. சலிக்காமச் சொல்லியிருக்கேன். ஆனா தெரிஞ்சே பொய் வயசு சொன்னது…

எவாசியோ: என்ன இழுக்கற?

சவீனா: ஒண்ணுமில்லை. தும்மல் வந்துது.

எவாசியோ: ஒரு தடவை சொல்லிப் பாரேன். நான்தான் செகோந்தோ. "எப்படி இருக்கு என் கட்டு?"

சவீனா: உங்க கட்டு ரொம்ப…

எவாசியோ: ம்.

சவீனா: …ரொம்பச் சுத்தமா இருக்கு.

எவாசியோ: சட்டைக்குச் சொல்ற மாதிரி இருக்கு!

சவீனா: வரலைன்னா என்ன பண்றது? நோயெமியோட சிநேகிதி கேட்டா, "ஆன்ட்டி, இதை வச்சு எதிர்காலம் சொல்வீங்களா"ன்னு. "இது ஜோசியச் சீட்டு இல்லைம்மா, நாங்க இதுல ஆடறவங்க, எனக்கு இறந்த காலமே சரியாச் சொல்ல வராது"ன்னேன். இப்ப அதுவும் வேண்டாங்கறே.

எவாசியோ: பொண்ணுக்காக.

சவீனா: அதான் யோசிக்கறேன்… எந்தக் கழுதை அவர்கிட்ட இதைப் பழசுன்னு சொல்லுச்சோ.

எவாசியோ: எனக்கு எப்படித் தெரியும்?

சவீனா: உன்னைக் கேட்கலையே. உனக்கு ஏன் வேர்க்குது?

எவாசியோ: அடுப்பு.

சவீனா: காசு ஒண்ணை எடு.

எவாசியோ: எது?

சவீனா: காசுச் சீட்டுல முதல் சீட்டு. அரசாங்கம் வரி முத்திரை அடிக்கற சீட்டு. பொறந்ததுலேருந்து ஆடறே, உனக்குத் தெரியாதா?

எவாசியோ: அது கிடக்கட்டும். ராணியைப் பார்த்தே, ஓரத்தைப் பார்த்தே, போதாதா? எண்ணெய் புகையுது…

சவீனா: புகையலை. ஆஹா… இது நிஜமாவே பழசு. இத்தாலி ஒண்ணாகறதுக்கு முன்னால இருந்த ராஜாவோட முத்திரை. ஓரம் மடிச்சிருக்கு. நாலு மூலையையும் கத்தரிக்கோலால வளைவா வெட்டியிருக்காங்க, மத்ததோட சேரட்டும்னு.

எவாசியோ: பார்த்தியா! பழசு! அப்ப தாராளமா பழசுன்னே சொல்லிடலாம்!

சவீனா: ஒண்ணு பழசு. எழுபத்தேழு புதுசு. என் பல்லு மாதிரி, ஒண்ணே ஒண்ணு நிஜம்.

எவாசியோ: சிரிக்கறப்ப அந்த ஒண்ணுதானே தெரியுது.

சவீனா: வயசு பார்க்கறவங்க முதல்ல முத்திரைக்குத்தான் போவாங்க. அதுல கண்ணை வச்சா மத்ததைப் புரட்டத் தோணாது. அது தெரிஞ்ச எவனோதான் சொருகியிருக்கான்.

எவாசியோ: தொலைஞ்ச சீட்டுக்குப் பதிலா வேற கட்டுலேருந்து வைக்கறது ஆட்டக்காரங்க வழக்கம்தானே. கெட்ட எண்ணம்னு சொல்ல முடியாது…

சவீனா: நான் சொன்னேனா, கெட்ட எண்ணம்னு?

எவாசியோ: மணி அடிக்குது!

சவீனா: கையைக் கழுவிட்டுக் கதவைத் திற.

செகோந்தோ: வாசல்லயே பூண்டு வந்து கூப்பிடுது. நல்ல வீடு.

எவாசியோ: வாங்க சம்பந்தி, வாங்க. கோட்டைக் கொடுங்க. ஒயின் ஊத்தட்டுமா? முதல்ல சாப்பாடு, மத்ததெல்லாம்…

செகோந்தோ: முதல்ல கட்டு. பார்த்தீங்களா, சம்பந்தியம்மா?

சவீனா: பார்த்தேன்.

எவாசியோ: அசந்து போயிட்டா!

செகோந்தோ: அவங்க சொல்லட்டும்.

சவீனா: பெட்டி ரொம்ப அழகு. பழைய மரம்.

செகோந்தோ: பெட்டி போன வருஷம் நான் செய்யச் சொன்னது.

சவீனா: …தச்சர் நல்லா செஞ்சிருக்கார். என்னையே ஏமாத்திட்டார்.

செகோந்தோ: சீட்டு?

சவீனா: சீட்டு வந்து…

எவாசியோ: அப்படியே அந்தக் காலம்!

சவீனா: எவாசியோ, நீ போய் அடுப்பைக் கிண்டு. சம்பந்தி, மன்னிச்சுக்கங்க. எனக்கு வேற மாதிரி சொல்ல வரலை. காசு ஒண்ணு மட்டும்தான் அந்தக் காலம். மத்ததெல்லாம் உங்கப்பா சின்னப் பையனா இருந்தப்ப அடிச்சது.

எவாசியோ: சம்பந்தி, அவளுக்குக் கண்ணு சரியில்லை! பிஸ்கட் டப்பாக் கதை கேட்டிருக்கீங்களா? ஒரு தடவை என்னாச்சுன்னா…

செகோந்தோ: இன்னொரு வாட்டி சொல்லுங்க.

சவீனா: புதுசு. உங்க தம்பி சொன்னதுதான் சரி. …எவாசியோ, தண்ணி கொண்டா. அழறார்.

எவாசியோ: போச்சு. மண்டபம், கேக்கு, எல்லாம் போச்சு.

செகோந்தோ: சும்மா இருங்க, ஐயா. எத்தனை பேர்கிட்ட கேட்டிருப்பேன் தெரியுமா? எங்க பாதிரியார்கிட்ட கேட்டேன். நோட்டரிகிட்ட கேட்டேன். மிலான் வரைக்கும் போய் ஒரு புரொஃபசர்கிட்ட கேட்டேன். இந்த மீசையைப் பார்த்ததும் எல்லாரும் "பழசுதான், பழசுதான்." ஒருத்தராவது புதுசுன்னு சொல்லியிருந்தா, தெருவைத் தாண்டிப் போய், "தம்பி, நீ சொன்னது சரிடா"ன்னு சொல்லியிருப்பேன். நானா எந்த முகத்தோட போறது?

சவீனா: உங்களுக்கே தெரியுமா, புதுசுன்னு?

செகோந்தோ: வாங்கின மறுவாரமே தெரியும். ராணிக்கு ரெண்டு தலை இருக்கறது எனக்குத் தெரியாதா? தம்பி வாயால கேட்டதும்தான் அது பழசாயிடுச்சு.

எவாசியோ: அப்ப… கல்யாணம்?

செகோந்தோ: கல்யாணத்துக்கென்ன? தம்பி வருவான். சாப்பிட்டதும் போய்க் கதவைத் தட்டறேன். ஒரு கிளாஸ் ஊத்துங்க முதல்ல. பயமா இருக்கு.

சவீனா: நிறைய ஊத்து, எவாசியோ. சம்பந்தி, ஒண்ணு கேட்கலாமா? இந்தக் கட்டை எங்க வாங்கினீங்க?

எவாசியோ: சாப்பாடு ஆறுது!

செகோந்தோ: பலோன்ல, பழைய சாமான் சந்தையில. வாலிப வயசு. ஒரு மேசை மேல உடைஞ்ச விளக்கு, பழைய சீட்டு. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, விரல்நுனி வெட்டின பச்சைக் கையுறை, மூக்குல கர்ச்சீப். ஒரு பையன் கட்டை நீட்டறான். அவ ஒரு சீட்டை மூக்கு வரைக்கும் கொண்டு போய்ப் பார்த்துட்டு, "இது இத்தாலிக்கே மூத்தது"ன்னா. நான் பின்னால நின்னு கேட்டேன். அந்தக் குரல்ல சொன்னா யார்தான் நம்ப மாட்டாங்க?

சவீனா: அந்தக் கழுதை நான்தான், சம்பந்தி.

செகோந்தோ: நிச்சயதார்த்தத்தன்னிக்கே தெரியும். ஸ்பூனைக்கூட மூக்குகிட்ட வச்சுத்தானே பார்த்தீங்க? சொன்ன வாயே மாத்திச் சொல்லட்டும்னுதான் கட்டை இங்க அனுப்பினேன்.

சவீனா: பெட்டியைத் திறந்ததுமே எனக்கும் தெரிஞ்சு போச்சு, என் கட்டுதான்னு. ஆனா நான் இதை விக்கவே இல்லையே. அந்தப் பையன் என்கிட்ட விட்டுட்டுப் போனது. மேசை அடியில பத்திரமா வச்சிருந்தேன். ஒரு சனிக்கிழமை திருடு போச்சு.

செகோந்தோ: திருட்டா! காசு கொடுத்து வாங்கினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை நான் திரும்ப வந்தப்ப நீங்க காபி குடிக்கப் போயிருந்தீங்க. மேசையை அந்தப் பையன்தான் பார்த்துக்கிட்டிருந்தான். தலை நிறைய முடி.

சவீனா: எவாசியோ.

எவாசியோ: அடிப்பிடிக்குது, நான் போய்…

சவீனா: எவாசியோ, இங்க வா. முடியிருந்த பையா, வா.

எவாசியோ: …உங்கப்பாவைப் பார்க்க வரச் சொன்னே. எங்கிட்ட ஒழுங்கா ஒரு ஷூ இல்லை.

சவீனா: அந்தக் கிரீச் கிரீச் ஷூ இதை வித்த காசுலயா! எங்கப்பா சாகற வரைக்கும் உன்னைக் கிரீச் மாப்பிள்ளைன்னுதானே கூப்பிட்டார்!

எவாசியோ: போட்டுப் பார்த்தப்ப கேட்கலை. சந்தையில ஒரே சத்தம்.

செகோந்தோ: அப்ப உங்க கல்யாணத்துக்கே நான்தான் செலவழிச்சிருக்கேன். கழுதை யாருன்னு இப்பத்தான் சரியாத் தெரியுது.

சவீனா: காசு ஒண்ணு? அதுவும் நீதானா?

எவாசியோ: என் கட்டுல அந்த ஒரு சீட்டு தொலைஞ்சு போச்சு. சீட்டு குறைஞ்ச கட்டோட வந்தா நீ நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டே. நான் வேலை செஞ்ச மாமாவோட சாப்பாட்டுக் கடையில, சமையல்கட்டு அலமாரியில ஒரு பழைய சீட்டு கிடந்துது. நான்தான் மூலையைக் கத்தரிச்சேன். இத்தனை வருஷமா உன்னை ஏமாத்திட்டேன், சவீனா.

செகோந்தோ: பாவம், அவங்களுக்கு அன்னிக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? ஜலதோஷம் வேற.

சவீனா: எங்க ஜலதோஷம்? சிரிப்பை மறைக்கத்தான் அந்தக் கர்ச்சீப். எழுபத்தேழு சீட்டுலயும் புகையிலை வாசனை. அந்த ஒண்ணுல மட்டும் பூண்டு. நீட்டின கையிலயும் பூண்டு. எவாசியோ, புதுசுன்னு உண்மையைச் சொல்லி அனுப்பியிருந்தா, அடுத்த சனிக்கிழமை நீ வந்திருப்பியா?