ரேடியல் ரோட்டில் நின்ற மீன் வண்டி

விடியற்காலை மூன்றே முக்கால். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகிற ரேடியல் ரோடு... பள்ளிக்கரணை சதுப்பு நடுவில் வருமே, அந்த இடம். இரண்டு பக்கமும் கோரை. காற்று திரும்பினால் குப்பை மேட்டின் புகை நாற்றம். பகலில் ஹாரன் சத்தத்தில் காது கிழியும். அந்த நேரத்தில் தவளைச் சத்தம் மட்டும்தான்.

மொட்டைமாடிக் கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. ஸ்நேகா, ஃபோன் டார்ச்சை அணைத்துவிடு. வெளிச்சத்தில் சொன்னால் இது வெறும் மெக்கானிக் கதையாகிவிடும்.

நடந்தது என் நண்பன் யக்ஞநாராயணனின் அக்கா வீட்டுக்காரருக்கு. சத்யநாராயணன் என்று பெயர். செம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்பக்கம் ஷெட் போட்டு டீசல் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறார். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை முடிந்ததும் நீங்கள் அவரைத்தான் திட்டப்போகிறீர்கள்.

ஆனால் தொடக்கம் அவரிடம் இல்லை. நீலாங்கரைப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். அங்கே மதியழகன், பூவராகன் என்று அண்ணன் தம்பி. அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு பழைய டீசல் பிக்கப். தம்பிதான் டிரைவர். தினமும் விடியுமுன் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக்குப் போவான். அந்த வருஷம் ஆயுத பூஜை கழிந்ததிலிருந்து வண்டி ஒரு சேட்டை செய்ய ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்... டிக் என்று ஒரு சத்தம். என்ஜின் செத்துவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

பூவராகன் அண்ணனிடம் சொன்னான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒழுங்கா ஓட்டுறா" என்றான் அண்ணன்.

அப்புறம் ஒரு நாள், அந்த மூன்றே முக்கால். வண்டி ரோட்டு நடுவில் நின்றது. பின்னால் வந்த டிப்பர் லாரி வலது பக்கத்தை இடித்து உரசிக்கொண்டு போய்விட்டது. டிரைவர் கதவு மட்டும்தான் நசுங்கியது. வண்டிக்குப் பெரிய சேதமில்லை என்று எல்லாரும் ஆறுதலாகப் பேசிக்கொண்டார்கள். கதவுக்கு உள்ளே பூவராகன் இருந்தான்.

போலீஸிடமும் குப்பத்திலும் மதியழகன் சொன்னது ஒன்றுதான். "நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டுத் தூங்கிட்டான்." வண்டியில் கோளாறு என்றால் பழி யார் தலையில் விழும்? அதனால் செத்தவன் தூங்கிப்போனான். செத்தவன் வந்து மறுத்துப் பேசமாட்டான் அல்லவா!

பூவராகனின் மனைவி ரேணுகாம்பாள் கருமாதி அன்று எல்லார் முன்னாலும் மதியழகன் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, எனுக்கு எதுவும் வாணாம். வண்டிதான் நின்னுச்சுன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு தூங்கலன்னு சொல்லுங்க. எம் புள்ளைய நாளைக்கு ஊரு தூங்குமூஞ்சி புள்ளன்னு கூப்பிடக் கூடாது."

அவன் குனிந்த தலை நிமிராமல் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

கதவை மாற்றினான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினான், பூசணிக்காய் உடைத்தான். டிரைவர் சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தான். ஒரு விடியற்காலை... அதே ரோடு, அதே கோரை... டிக். அப்போதுதான் ஐயாவுக்கு வண்டியில் கோளாறு இருப்பது தெரிந்தது.

கயிறு கட்டி இழுத்து வண்டியை சத்யநாராயணன் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். அவர் பொறுமையாகப் பார்த்தார். பேட்டரி சரி. ஃபியூஸ் சரி. டீசல் ஃபில்டர் புதுசு. வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், அதுவும் சரி. என்ஜினின் நிலையைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மாட்டினார். வண்டி குளிர்ந்திருக்கும்போது என்ஜின் கம்ப்யூட்டர் ஸ்கேனரோடு பேசியது. சூடேறியதும் ஊமையாகிவிட்டது. கம்ப்யூட்டர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி. மகள் ஸஹானாவின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து ஓடுகிற வண்டியில் அந்தப் பெட்டி மேல் சூடு காட்டினார். டிக். என்ஜின் நின்றது. ஆறவிட்டார், ஓடியது. மறுபடியும் சூடு... டிக். வியாதி அங்கேதான்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"உப்புத் தண்ணி. மீன் தண்ணி வழிஞ்சா பின்பக்கம்தானே போகும்? சீட்டுக்கு அடியில எப்படி வந்துச்சு?"

"ஆயுத பூஜைக்கு நான்தான் சார் கழுவுனேன்" என்றான் மதியழகன். "மீன் வாட போவட்டும்னு சீட்டக் கழட்டிட்டு உள்ளார ஹோஸ் வுட்டு அடிச்சேன். எங்கூர்ல போர் தண்ணியே உப்புதான."

கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட கை. தம்பியைக் கொன்றதும் அதே கை.

சத்யநாராயணன் பெட்டியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் ஸ்கேனர். அவ்வளவுதான். என்ஜின் கிடையாது. சக்கரம் கிடையாது. காலால் மிதிக்க எதுவும் கிடையாது. திரையில் எல்லா இடத்திலும் பூஜ்யம் வர வேண்டும். வந்தது.

அப்போது ஷெட்டுக்குள் ஒரு வாடை... ஐஸில் புதைத்த மீனின் பச்சை வாடை. வண்டி காலியாகத்தான் நின்றது.

வேகம் என்கிற இடத்தில் ஐம்பது என்று வந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பெட்டிக்குள்ளிருந்து... டிக். என்ஜின் பூஜ்யம். வேகம் நாற்பது... இருபது... ஐந்து... நின்றுவிட்டது. பிறகு ஆக்சிலரேட்டர் என்கிற வரியில் நூறு. காலால் தரையோடு தரையாக அமுக்கினால்தான் அந்த எண் வரும். பூஜ்யம். நூறு. பூஜ்யம். நூறு. நடுநடுவில் சாவியைத் திருப்புகிற அடையாளம்... ஆன், ஆஃப், ஆன். உயிருக்குப் பதறுகிற ஒருவன் மிதிக்கிறான். கடைசியாக ஒரு நூறு வந்தது. அது இறங்கவே இல்லை. திரை அணைந்துவிட்டது.

சத்யநாராயணன் ஸ்கேனரைக் கழற்றித் தன் காரில் மாட்டிப் பார்த்தார். சரியாக வேலை செய்தது. திரும்பப் பெட்டியில் மாட்டினார். முதலிலிருந்து மறுபடியும் அதே ஓட்டம். ஐம்பது. டிக். நூறு, நூறு, நூறு...

"இந்தப் பழைய பெட்டில எதுவும் பதியாது, மதியழகன். பதியறதுக்கு இதுல இடமே கிடையாது" என்றார். "ஆனா தூங்கறவன் இப்படி மிதிக்க மாட்டான்."

"பதியாதுன்னா வுடு சார். வேற பெட்டி போடு."

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"சொன்னா செத்தவன் எந்திரிச்சு வந்துருவானா? உனுக்கு இன்னா சார் பேஜாரு?"

வேறு பெட்டி போட்டுக் கொடுத்தார். பழையதை மதியழகன் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போய், வண்டியை ஓட்டியபடியே சதுப்புத் தண்ணீரில் வீசினான். வண்டி ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது, ஒரு நாளும் நிற்கவில்லை. மதியழகன் நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான். பேய்க்கும் ஆள் பார்க்கத் தெரியும் போலிருக்கிறது. எருமைத் தோல்காரனை அது தொடுவதே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் ரேணுகாம்பாள் ஷெட்டுக்கு வந்தாள். இடுப்பில் மீன் கூடை. கூடைக்குள் மீன் இல்லை. சேறு அப்பி, கோரை சுற்றிக்கொண்ட அலுமினியப் பெட்டி.

"எங்க வூட்டு வாசல்ல கெடந்துச்சு சார். எங்க வண்டிதுதான். எங்க வூட்டுக்காரரு சீட்டுக்கடியில காட்டிருக்காரு. நீங்கதான் வண்டிய பாத்தீங்களாமே." பெட்டியை மேஜையில் வைத்தாள். "அவரு தூங்கிட்டாரா சார்? இதுல தெரியுமா?"

யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு வார்த்தை. அவள் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க அதுதான் வேண்டும். ஆனால் சத்யநாராயணனுக்கு வரிசையாக நினைவு வந்தது வேறு... போலீஸ், கோர்ட், சாட்சிக் கூண்டு, குப்பத்து ஆட்கள் ஷெட்டுக்கு முன்னால் வந்து நிற்பது. ஊர்ச் சண்டை நமக்கெதற்கு என்பதுதானே நம் எல்லாருடைய வேதமும்?

"தெரியாதும்மா. இதுல எதுவும் பதியாது" என்றார்.

சொல்லி வாயை மூடவில்லை. மேஜையின் மறுகோடியில் எந்த வயரும் மாட்டாமல் கிடந்த ஸ்கேனர் தானாக எரிந்தது. திரை முழுக்க ஒரே எண்.

ரேணுகாம்பாள் எட்டிப் பார்த்தாள். "இது இன்னா சார், நூறுன்னு கீது?"

"அது... பேட்டரிம்மா. ஃபுல்லா இருக்குன்னு அர்த்தம்."

அவள் தலையாட்டினாள். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"அவரும் அத்தத்தான் சார் சொல்றாரு. தெனம் விடிகாலைல ஜன்னலாண்ட வந்து நின்னுகினு... நூறு, நூறுன்னு. எனுக்குப் புரியல. புரிஞ்சவங்க யார்னா இருந்தா அவங்களாண்ட போய்ச் சொல்லுய்யான்னு நேத்து சொல்லி அனுப்பிட்டேன்."

போய்விட்டாள். சத்யநாராயணன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஹேர் டிரையர் காட்டியது போல் சுட்டது.

என்ன ஸ்நேகா? அதற்கப்புறமாவது போய்ச் சொன்னாரா என்கிறாயா? இல்லை. இன்றுவரை சொல்லவில்லை. போன வாரம் தன் படுக்கையறை ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார் என்று யக்ஞநாராயணன் சொன்னான்.

அந்த ஜன்னல் இரண்டாவது மாடியில் இருக்கிறது.