நாளைய ஆபரேஷனுக்கு இன்றைய துணை

செவ்வாய்க்கிழமை மாலை, கம்பத்திலிருந்து தேனி செல்லும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் அக்காளும் தங்கையும். உத்தமபாளையம் தாண்டியதும் தங்கை சொன்னாள்.

"நான் தொணைக்கு இருந்தா அப்பா செத்தே போவாகக்கா."

மறுநாள் அப்பாவுக்கு ஆபரேஷன். இன்றிரவு ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக ஒருவர் மட்டும் தங்கலாம்.

"ஏண்டி, ஒன்ன மாதிரி நேரத்துக்கு மாத்திரை குடுக்க யாரு இருக்கா?"

"குடுப்பேன். மூச்சு வருதான்னு நிமிசத்துக்கு ஒருதரம் மூக்குல கை வச்சும் பாப்பேன். நேத்து ராத்திரி நான் இருந்தப்ப அந்தப் பயத்துலயே முழிச்சுக் கெடந்தாக. இன்னைக்கும் தூங்கலேன்னா பிரசர் எறங்காது, ஆபரேசன் கெடையாதுன்னு டாக்டரு சொல்லிட்டாக."

"அப்ப நான் இருக்கேன்."

"நீ ஒரு சத்தம் போட்டா டாக்டரே ஓடி வருவாக, வாஸ்தவம்தான். அப்பாவுக்கும் பிரசர் ஏறிரும்."



"அப்ப தம்பியா? மணமேடையிலயே தூங்குனவன்டி அவன்."

"அதேன் வேணும். அவன் கொறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்தா, நமக்குப் பெருசா ஒண்ணுமில்ல போலன்னு அப்பாவும் தூங்கிருவாக."

சின்னமனூரில் கூட்டம் இறங்கியது. அக்காள் போனை எடுத்தாள்.

"ஏலே, இன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ இரு. ஒண்ணும் செய்ய வேணாம், நல்லாத் தூங்கு, போதும்." அதன்பின் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை மெல்ல மடியில் வைத்தாள்.

"என்னக்கா?"

"அப்பாவ நெனச்சு நாலு நாளா கண்ணே மூடலையாம்டி."

தங்கை வீரபாண்டி வரை யோசித்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு, கொறட்டைய மட்டும் விடச் சொல்லுக்கா."