இன்று அந்தத் தகட்டைப் போடாதீர்கள், அக்கா!

செப்புத் தகட்டைக் கனவு காண வைத்த சீமாட்டியே! அமிலத் தொட்டியின் ஆவியை அத்தராய் முகர்ந்த அம்மையே! மைக்கறை படிந்த நகங்களோடு கல்யாண வீட்டுக்கும் கூசாமல் போய்வந்த எங்கள் அச்சுக்கூடத்து அக்காவே, வணக்கம்!

இந்த ஓவியக் கல்லூரிக்கு வந்த நாள்முதல் எங்களில் ஒருவரையும் நீங்கள் மனித உருவில் விட்டுவைத்ததில்லை. கனவுபோல் வரையும் சர்ரியலிசம் என்றீர்கள் நீங்கள். வம்பு என்று வாங்கிக்கொண்டோம் நாங்கள். உங்கள் படங்களில் மீன்தலையோடு சைக்கிள் மிதிப்பவர் கணக்காளர் என்றும், கதவளவு காதோடு கூரையில் காய்பவர் ஸ்டோர்கீப்பர் என்றும் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டோம். “அது நானில்லையே?” என்று பதறியவரிடம், “காது மட்டும் உங்களுது, மத்ததெல்லாம் கற்பனை” என்றீர்கள். அவர் இன்றும் மஃப்ளர் சுற்றித்தான் வருகிறார்.

மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தேய்த்துத் துடைத்து, நனைத்த தாளை வைத்து உருளையைச் சுற்றும் உங்கள் பொறுமையைப் புகழ ஆயிரம் வாய் வேண்டும். இங்கே வாய்க்குப் பஞ்சமில்லை.

அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கே அமிலம் ஆகாதென்று, கட்டிலருகே அமர்ந்து வெறுந்தகட்டில் நேரே கீறினீர்கள். அந்தப் படத்தில் அவர் மார்புக்குள் படிக்கட்டு இறங்குகிறது. தலையணையில் கடல் அலையடிக்கிறது. முகம் மட்டும் முகமாகவே இருக்கிறது. அமிலம் படாத கீறலின் ஓரப் பிசிறுதான் மையைப் பிடிக்கும். அச்செடுக்கும் ஒவ்வொரு முறையும் அது நசுங்கும். அவர் போன நாளில் ஆண்டுக்கொன்றாய் எடுத்து எடுத்து, சென்ற முறை தாளில் அவர் கண்கள் புகையாகிவிட்டன.

பணி ஓய்வில் விடைபெறுபவர் விழா முடிவில் ஒரு படம் அச்சிட்டுத் தருவது நம் கூடத்து வழக்கம். எதை எடுக்கப்போகிறீர்கள் என்று துருவினோம். “அவரையேதான். இதோட முடிஞ்சா முடிஞ்சு போகட்டும்” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனீர்கள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

வேண்டாம், அக்கா. அச்சில் இடம் வலமாகும் என்று பாடம் நடத்தியவரே நீங்கள்தானே! தாளில் அத்தானின் மச்சம் தப்பான கன்னத்தில் விழுகிறது. அது கண்ணாடி பார்த்து ஷேவ் செய்துகொண்டவரின் முகம். உங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர் தகட்டில்தான் இருக்கிறார். மிஞ்சியிருக்கும் அவரைத் துணியில் சுற்றி வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.

நோயின்றி, நொடியின்றி, இரவில் நன்றாகத் தூங்கி, நெடுங்காலம் வாழ்க நீங்கள்! உங்களுக்கென்று நனைத்து வைத்த தாள் காயட்டும். அந்த வெறுந்தாளையே சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறோம். பார்ப்பவர்களுக்கு விவரம் சொல்ல நாங்கள் இருக்கிறோம். கேட்காதவர்களுக்கும் சொல்வோம்.

இங்ஙனம்,
உங்கள் ஊசிக்குத் தப்பாத அச்சுக்கூடப் பணியாளர்களும், அடுத்த அறைக்காரர்களும்