மன்னிப்புக் கேட்ட இன்ஜினியர்

பஸ் தாராசுரம் தாண்டியபோதுதான் என் குடைத் தண்ணீர் பக்கத்து சீட்காரர் வேட்டியில் சொட்டுவதைக் கவனித்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மனைவி அவரிடம் சொன்னார்:

"கோர்ட்ல யார்கிட்டயும் மன்னிப்பு மட்டும் கேட்டுடாதீங்க."

வாயை மூடிக்கொண்டேன்.

"இன்ஜினியர்னா மனுஷன் இல்லையா? நான் கட்டிக்குடுத்த குடோன் ஒழுகி அந்த நெல்லு வியாபாரியோட நெல்லு நனைஞ்சுபோச்சு. வெத்தலை பாக்கோட போயி, தப்பு என்னோடதுதான்னு சொன்னேன்."

"நம்ம இன்சூரன்ஸ்காரன் அதைத்தானே புடிச்சுக்கிட்டான்? கம்பெனியைக் கேக்காம தப்பை ஒத்துக்கிட்டா நஷ்டஈடு கிடையாதுன்னு பாலிசியிலயே இருக்கு."

குடையைச் சத்தமில்லாமல் என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். எனக்குத்தான் எந்தப் பாலிசியும் கிடையாதே.

"நடுவரா வந்த ஆர்பிட்ரேட்டர் நம்ம பக்கம்தானே சொன்னாரு? வெத்தலை பாக்கு வெறும் ஆறுதல், வாக்குமூலம் இல்லைன்னு."

"அதை ரத்து பண்ணச் சொல்லித்தான் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிருக்கு. ரத்தாச்சுன்னா நம்ம வீட்டை வித்துத்தான் நெல்லுக்காரருக்குக் குடுக்கணும்."

"ஜட்ஜு முழுக் கேஸையும் மறுபடி விசாரிக்க மாட்டாராம். ஆர்பிட்ரேட்டர் வரம்பு மீறினாரான்னு மட்டும்தான் பாப்பாராம்."

"நீங்க மீறாம இருங்க, போதும். பையில என்ன கனக்குது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு சீப்பு பூவன்."

"யாருக்கு?"

"கம்பெனி வக்கீலுக்கு. பாவம், நம்மாலதானே மெட்ராஸ்லேருந்து அலையுறாரு."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பைக்குள் கைவிட்டு அமுக்கிப் பார்த்தார்.

"காயாத்தான் இருக்கு. தீர்ப்பு வரட்டும், அப்புறம் குடுக்கலாம்."